மைனா ஓட்டிய பஸ்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ஒரு மைனா பஸ் ஓட்டிக்கொண்டு போனதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். வழியில் ஒரு ஸ்டாப்பைக்கூட அது விடவில்லை. இறங்க வேண்டியவர்களை இறக்கி, ஏற வேண்டியவர்களை ஏற்றி, வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. டிக்கெட் மட்டும்தான் கிழிக்கவில்லை. அதற்குப் பறவையைக் குறை சொல்ல முடியாது. பையை யாரும் அதன் கழுத்தில் மாட்டிவிடவில்லை.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு முழப் பாம்பை மூன்று முழமாக்குவேன். ஆனால் பாம்பே இல்லாத இடத்தில் பாம்பு விடமாட்டேன்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, தை மாதம். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, ஒரு கடிகாரம், நான். ஊரே என்னை 'டைமு' என்றுதான் கூப்பிடும். என் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிட்டாள். கல்யாணப் பத்திரிகையில் வேறு ஏதோ பெயர் இருந்ததாக ஞாபகம்.

கீழ்பென்னாத்தூர் வண்டிக்கு டிரைவர் மண்ணாங்கட்டி. பெயர்தான் அப்படி. ஸ்டியரிங்கைப் பிடித்தான் என்றால் பஸ்ஸை வளையலுக்குள் நுழைத்து வெளியே எடுப்பான், வளையல் உடையாது. அவனுக்குக் கண்டக்டராக இருந்தவன் அர்ஜுனன். இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வண்டியில் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். பேச்செல்லாம் விசிலில்தான். நீளமாக ஒன்று அடித்தால் நிறுத்து. குட்டையாக இரண்டு அடித்தால் போ. அந்தக் காலத்து டிரைவருக்குக் கண் முன்னால், காது பின்னால். விசில் கேட்ட பிறகும் திரும்பிப் பார்த்தால் கண்டக்டரை நம்பவில்லை என்று அர்த்தம். அதைவிட மரியாதைக் குறைவு வேறு கிடையாது. மண்ணாங்கட்டி, பின்பக்கம் பார்க்கிற உள்கண்ணாடியின் மேலேயே அண்ணாமலையார் படத்தை ஒட்டி மாலை போட்டு வைத்திருந்தான்.

அர்ஜுனன் விசில் ஊருக்கே தெரியும். வாயில் எப்போதும் வெற்றிலை. அதனால் முதலில் 'க்கும்' என்று ஒரு கனைப்பு. பிறகு இரண்டு விசில், இரண்டாவதன் வாலைப் பிடித்து யாரோ மேலே இழுத்த மாதிரி முடியும். மத்தியானத்தில் பஸ்ஸின் பின்படியில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பான். முதல் கை சோறு வேப்பமரத்து மைனாக்களுக்கு. அவற்றைக் கூப்பிடுவதற்கும் அதே கனைப்பு, அதே இரண்டு விசில். ஒரு மைனா அவன் முழங்கால்மேல் ஏறி நின்று, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தை மாதத்துக்கு முந்தைய கோடையில் மஞ்சள் காமாலை வந்து அர்ஜுனன் செத்துப்போனான்.

புதிய கண்டக்டராக வேணு வந்தான். கல்யாணமாகிச் சில மாதமே ஆன பையன், ரொம்ப மரியாதை. அவன் விசில் அடித்தால் ஈயச் சொம்பில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். மண்ணாங்கட்டி அதற்கும் பழகிக்கொண்டான். ஐப்பசி வரைக்கும் ஒரு வம்பும் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் வேணு என் கொட்டகையில் நேரம் போட நின்றுகொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிப் போய்விட்டது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் தப்பித்தது. வேணு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். கேட்டால், விசில் கேட்டது என்றான் மண்ணாங்கட்டி. எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவது தடவை சிரிக்க முடியவில்லை. முதலாளியின் மாமியார் ஒரு காலைப் படியில் வைத்து, இன்னொரு காலைத் தரையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடையிலிருந்த கத்தரிக்காய்கள் கோபுரவாசல் வரைக்கும் உருண்டு போயின. சரி, பஸ் ஸ்டாண்டு வாசல் வரைக்கும். முதலாளி மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்.

"இன்னொரு தடவ கண்டக்டர் இல்லாம வண்டி நகர்ந்துச்சினா, நீ ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. ஷெட்ல குந்திக்கினு வண்டி கழுவு."

அன்றைக்கு டீக்கடையில் மண்ணாங்கட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை.

"டைமு, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத."

"சிரிக்கலய்யா, கேளு."

"செத்தவன் விசில் அடிப்பானா?"

நான் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

"அது வேணு விசில் இல்ல டைமு. மொதல்ல கனைக்கறான். அப்புறம் ரெண்டு. கால் தானா கிளட்சுக்குப் போயிடுது."

"வேற யார்கிட்டனா சொன்னியா?"

"பச்சையம்மாகிட்ட சொன்னேன்." பச்சையம்மாள் அவன் மனைவி. "அடி அண்ணாமலை கிராமத்துல யாரோ கயிறு மந்திரிச்சித் தராங்கனு இட்டுனு போனா. இதோ பார். கயிறு கட்டின மறுநாளும் அடிச்சான்."

"பயமா இருக்குதா?"

"அவன்கிட்ட இன்னா பயம்? என் கூட்டாளி. எனக்கு எம்மேலதான் பயம். மூள கலங்கினவன் பஸ் ஓட்டலாமா? பின்னால அத்தன ஜனம் குந்தினு இருக்குது, கொழந்த குட்டியோட."

"ஒடம்பு சூடு, எண்ணெய் தேச்சிக் குளி" என்றேன். ஆனால் அடுத்த வாரமே, மத்தியான வெயிலில், நான் கொட்டகைக்குள் தனியாக இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் 'க்கும்' என்று கேட்டது. வெற்றிலை போட்டவன் கனைப்பு. திரும்பினேன். ஆள் இல்லை. ஜன்னல் கம்பியில் ஒரு மைனா, மஞ்சள் வளையம் போட்ட கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மயிரெல்லாம் எழுந்து நின்றது. அன்றைக்கு நின்றது உதிரும் வரைக்கும் படியவே இல்லை.

மைனா எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அர்ஜுனன் அதற்குச் சோறு போட்டதைத் தினமும் பார்த்தவன் நான். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. செத்தவன் வந்து போகிறான் என்று நம்புவது எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஒருவரைத் தவிர. செக்கர் இராமலிங்கம். ஓடுகிற வண்டியில் ஏறி டிக்கெட் பார்க்கிற வேலை அவருக்கு. நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம், அந்தக் குணத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். அவர் பெண்டாட்டி குழம்புக்கு உப்புப் போட்டேன் என்றால் எங்கே, காட்டு என்பார். விஷயம் அவர் காதுக்கும் போனது. கொட்டகைக்கு வந்து கேட்டார்.

"ஏன் டைமு, செத்தவன் டூட்டி பாக்கறானாமே. சம்பளம் யார் வாங்கறது?"

"நானும் கேட்டேன் சார், கனைப்பு."

"நீ கேப்ப. நீ மலைமேல யானை பறக்கறதயே பாத்தவனாச்சே. அவன் குடிக்கறான்யா. நாளைக்கு நானே அவன் பின்னால குந்தினு வரேன். அவன் வாய மோந்து பாக்கறேன், கையப் பாக்கறேன். அப்புறம் மொதலாளிகிட்ட நான் சொல்றதுதான்."

மறுநாள் காலை. வண்டியின் கூரைமேல் விதை மல்லாட்டை மூட்டைகள் ஏற்றியிருந்தார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒரு மூட்டையில் ஓட்டை. அதில் மைனாக்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதை யார் கவனித்தது? இராமலிங்கம் டிரைவருக்கு நேர் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார், மூக்கை மண்ணாங்கட்டியின் பிடரிக்கு நேராக வைத்துக்கொண்டு. வேணு என் கொட்டகைக்கு வந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மண்ணாங்கட்டி எஞ்சினைப் போட்டான்.

'க்கும்.'

பிறகு இரண்டு விசில், வாலை மேலே இழுத்த மாதிரி.

வேணு என்னைப் பார்த்தான், நான் வேணுவைப் பார்த்தேன். அவன் விசில் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி போய்விட்டது.

நான் டைம் கீப்பர், கொட்டகையை விட்டுப் போகக்கூடாது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு ஷெட்டும், கையில் வாளியோடு மண்ணாங்கட்டியும்தான் தெரிந்தார்கள். செங்கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியை மறித்து, வேணுவையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். "அந்த பஸ்ஸப் புடிப்பா" என்றேன். லாரிக்காரன் நல்லவன். அவன் லாரிக்குத்தான் ஹாரன் கிடையாது.

அன்றைக்கு ரயில்வே கேட் பார்த்துத்தான் திறந்திருக்க வேண்டுமா? பஸ் நிற்காமல் போனது. கேட்டைத் தாண்டியபின் சாலை நெடுகக் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று. ஒதுங்க இடம் இல்லை. பஸ்ஸை முந்த வழியே கிடையாது. பின்னால் ஒட்டிக்கொண்டேதான் போக வேண்டும். அப்படி ஒட்டிப் போனபோதுதான் பார்த்தேன். கூரைமேல் இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு மைனா, காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு, சீட்டு ரிசர்வ் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

முதல் ஸ்டாப் வந்தது. உள்ளே யாரோ தகரத்தில் தட்டினார்கள். பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு கிழவர் ஏறினார். நாங்கள் லாரியிலிருந்து குதிக்கக் கதவைத் திறக்கிறோம். மைனா தலையைத் தூக்கியது. தொண்டையை உப்பியது.

'க்கும்.' இரண்டு விசில்.

பஸ் கிளம்பிவிட்டது.

"அண்ணே, அது" என்றான் வேணு. கையை நீட்டிக் கூரையைக் காட்டினான்.

"ஆமாண்டா. ஒன் வேலைக்கு ஆள் போட்டாச்சி" என்றேன். எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. செத்த மனிதனின் தொண்டை ஒரு கைப்பிடிப் பறவைக்குள் உட்கார்ந்து கனைப்பதைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை. எஞ்சின் சத்தம் அடங்கிச் சனங்களின் பேச்சு ஓய்ந்ததும், எத்தனையோ வருஷமாகக் கேட்ட கணக்குப்படி, சரியாக அந்த நேரத்துக்கு அடித்தது. வேணுவுக்கு ஒரு யோசனை. லாரி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தன் விசிலை எடுத்து நீளமாக ஒன்று அடித்தான். நிறுத்து என்று அர்த்தம். பஸ் மெதுவானது. மைனா திரும்பி வேணுவைப் பார்த்தது. புதிதாக வந்த பையனைப் பழைய ஆள் பார்ப்பதுபோல. உடனே இரண்டு அடித்தது. பஸ் வேகமெடுத்தது. வேணு மறுபடி ஒன்று. மைனா மறுபடி இரண்டு. வேணு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க அடிக்கிறான். மைனா சளைக்கவில்லை. கடைசியில் எங்கள் லாரிக்காரனே குழம்பிப்போய் வேணு விசிலுக்கு நின்றுவிட்டான்.

பஸ்ஸுக்குள் அத்தனை சனம் இருந்ததே, கண்டக்டர் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வார்கள்? ஒருவர் கையிலும் டிக்கெட் இல்லை. முன்சீட்டில் செக்கர் உட்கார்ந்திருக்கிறார். எவன் வாயைத் திறப்பான்? அந்த வண்டியில் அன்றைக்கு இருந்த அமைதி கோயில் கருவறையில்கூட இருந்திருக்காது. தங்கள் ஊர் வந்ததும் தகரத்தைத் தட்டிவிட்டு, தரையில் கால் படாமல் இறங்கி ஓடினார்கள்.

கீழ்பென்னாத்தூரில் வண்டி நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் காலி. மண்ணாங்கட்டி இறங்கி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக வந்தான். வேணு லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்தான். துண்டு கையிலிருந்து விழுந்தது.

"நீ எங்கடா வர?"

"பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டேன்ணே."

"அப்போ வழியெல்லாம் அடிச்சது? நீ அடிக்கறதுதான் என் காதுல அவன் விசிலா கேக்குதுனு நெனச்சினு வந்தேன்."

நான் மேலே கையைக் காட்டினேன். மைனா கூரை விளிம்புக்கு வந்து, எங்களைக் குனிந்து பார்த்தது. தொண்டையை உப்பியது. அர்ஜுனன் கனைத்தான். இரண்டு விசில்.

மண்ணாங்கட்டி அப்படியே பின்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா அழுதானா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வந்தது. "பட்சிடா. பட்சிதாண்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தன் கையிலிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டான்.

இராமலிங்கம் பஸ்ஸுக்குள் அதே சீட்டில், முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்க் கேட்டேன்.

"சார், கேட்டீங்களா?"

"எத?"

"வழியெல்லாம் விசில்."

"நான் தூங்கிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் படுத்தாலும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிற மனிதர்.

அன்று சாயங்காலமே ஷெட்டில் பஞ்சாயத்து. முதலாளி நாற்காலியில். நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தோம். கூரையிலிருந்து மூட்டையை இறக்கும்போதும் மைனா போகாமல் வண்டியோடே திரும்பி வந்திருந்தது. இப்போது ஷெட் சுவர்மேல் இருந்தது. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன், என் ஆயுளில் அது ஒரு தடவைதான். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அடிக்கச் சொல்லு."

நான் மல்லாட்டையை உரித்துப் போட்டேன். வேணு விசில் அடித்துக் காட்டினான். மண்ணாங்கட்டி கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கனைத்தான். வளர்ந்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர் சுவரைப் பார்த்து 'க்கும், க்கும்' என்று கனைத்துக்கொண்டு நின்றோம். மைனா கடலையைத் தின்றது. இறக்கையைக் கோதியது. எல்லா மைனாவும் கத்துகிற மாதிரி கீக் என்று ஒரு தடவை கத்திவிட்டுச் சும்மா இருந்தது.

"ஏம்பா, நாளைக்கு ஒரு காக்கா வந்து டீசல் போட்டுச்சினு சொல்லுவீங்களா?" என்றார் முதலாளி. பிறகு பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை. "மண்ணாங்கட்டி, ஒனக்கும் எனக்கும் பக இல்ல. இந்த டைமு ஒன் கூட்டாளி, இவன் பேச்சு ஊருக்கே தெரியும். வேணு தன் தப்ப மறைக்கறதுக்குச் சொல்லலாம். இவங்க ரெண்டு பேர் இல்லாத ஒருத்தன் நான் கேட்டேன்னு சொல்லட்டும். சாவிய என் கையால குடுக்கறேன். இல்லனா ஒன்ன நம்பி ஜனங்கள நான் எப்படி ஏத்தறது?"

எல்லோரும் இராமலிங்கத்தைப் பார்த்தோம்.

"சார் தூங்கிட்டாராம்" என்றான் வேணு.

இராமலிங்கம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டேன் என்று சொன்னால், கண்டக்டரே இல்லாத வண்டியில் ஒரு செக்கர் கடைசி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்து வந்தார் என்று ஆகும். ஒருவனிடம்கூட டிக்கெட் கேட்கவில்லை என்று ஆகும். அப்புறம் எந்தக் கண்டக்டர் அவரைப் பார்த்துப் பயப்படுவான்?

மண்ணாங்கட்டி சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து முதலாளி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தான்.

"பரவால்லீங்க. கழுவற வேலைக்கே போறேன். யாரையும் வருத்தாதீங்க. எனக்கு மூள கலங்கிடிச்சினு நெனச்சினு இத்தன மாசமா தூக்கமில்ல. பட்சினு தெரிஞ்சிப்போச்சி. அது போதுங்க எனக்கு."

சொல்லிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி பக்கமாக நடந்தான். வாளியை எடுத்தான். வாளியில் தண்ணீர் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருய்யா" என்றார் இராமலிங்கம்.

மண்ணாங்கட்டி திரும்பினான்.

"வாளிய வைய்யா கீழ." இராமலிங்கம் முதலாளி எதிரில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் தூங்கலீங்க."

"அப்போ?"

"வண்டி கெளம்பும்போதே கேட்டேன். கனைப்பு, அப்புறம் ரெண்டு விசில். அப்புறம் எல்லா ஸ்டாப்புலயும். எத்தன வருஷம் அர்ஜுனன் பைய செக் பண்ணியிருக்கேன், அவன் கனைப்பு எனக்குத் தெரியாதுங்களா?"

"கேட்டுட்டு ஏன்யா திரும்பிப் பாக்கல?"

இராமலிங்கம் வேணுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"திரும்பினா அவன் அங்க நிப்பான்னு பயங்க. கீழ்பென்னாத்தூர் வர வரைக்கும் கண்ணாடியில ஒட்டியிருந்த சாமி படத்தயே பாத்துனு வந்தேன். 'போயிடுப்பா அர்ஜுனா, ஒன்ன இனிமே செக் பண்ணமாட்டேன்'னு வாய்க்குள்ள சொல்லிக்கினே வந்தேன். இவன் குடிக்கலீங்க, இவனுக்கு மூளயும் கலங்கல. டைமு சொன்னது அத்தனயும் நெசங்க. நடந்தது."